கொழும்பு மொட்டைமாடியில் ஆழ்வான் படம்: காசு ஒன்றுக்குத்தான் காணும் என்றால் முதலில் எதை வாங்குவது?

போன கிழமை இரவு பத்தரைக்கு கொட்டாஞ்சேனையில் இருந்து அக்காவின் மகன் அழைத்தான். "மாமா, கொஞ்சக் காசு சேர்ந்திருக்கு. பார்லோ வாங்கட்டோ, ஃபில்டர் வாங்கட்டோ?" பார்லோ என்பது படத்தைப் பெருப்பிக்கும் லென்ஸ், ஃபில்டர் என்பது நகர வெளிச்சத்தை வடிகட்டும் கண்ணாடி. அவனுக்கு ஆசை ஆழ்வான் படத்தில், அதாவது நெபுலா என்ற வான்முகில்கள், நட்சத்திரக் கொத்துகள் போன்ற தூரத்துப் பொருள்களை எடுப்பதில்.

அவனிடம் இருப்பது 130 மில்லிமீற்றர் ஆடி கொண்ட நியூட்டோனியன் தொலைநோக்கி. குவியத்தூரம் 650. அதை 130 ஆல் வகுத்தால் 5, அதாவது எஃப்/5. கூடவே ஒரு பழைய கெனன் டி.எஸ்.எல்.ஆர். கமரா, வானம் சுழல்வதோடு தொலைநோக்கியையும் திருப்பும் மோட்டார் பூட்டிய ஈக்குவட்டோரியல் மவுண்ட். சேர்ந்திருக்கும் காசு ஒரு சாமானுக்குத்தான் காணும். அடுத்ததற்கு இன்னும் ஆறேழு மாதம் பொறுக்க வேண்டும். ஆகவே தவறான சாமானை வாங்கினால் ஒரு வருடத்தின் நல்ல இரவுகள் போய்விடும். கொழும்பில் நல்ல இரவுகள் என்பதே தை முதல் பங்குனி வரைதான். அதற்குப் பிறகு இடிமழை, பிறகு தென்மேல் பருவமழை.

அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன். வெளிநாட்டவர்கள் "முதலில் இதை வாங்கு, பிறகு அதை வாங்கு" என்று போடும் வரிசை நமக்கு அப்படியே பொருந்தாது. அவர்களுக்குத் துருவ நட்சத்திரம் தலைக்கு மேலே பாதி உயரத்தில் நிற்கிறது. நமக்கு அது அடிவானத்தில் இருந்து 7 பாகையில், பக்கத்துத் தொடர்மாடியின் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கிறது. அவர்களுக்குப் பனி ஒரு தொல்லை, நமக்கு வருடம் முழுக்க ஈரம். வெளிச்சத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கொட்டாஞ்சேனையில் ஒரு பக்கம் துறைமுக விளக்குகள், மறுபக்கம் தாமரைக் கோபுரம்.

முதலில் குவியம் எட்டுகிறதா என்று பாருங்கள்

எந்தத் துணைச் சாமானுக்கும் காசு கொடுக்க முன் இதைச் செய்து பார்த்துவிடுங்கள். கண்ணால் பார்ப்பதற்கென்று செய்த பல நியூட்டோனியன்களில் குவியம் ஃபோகஸருக்கு, அதாவது குமிழைத் திருப்பக் குவியம் சரிசெய்யும் குழாய்க்கு, கொஞ்சம் வெளியேதான் விழும். கண்வில்லைக்கு அது போதும். கெனன் டி.எஸ்.எல்.ஆர். கமராவிலோ சென்சர் முகப்பில் இருந்து 44 மில்லிமீற்றர் உள்ளே கிடக்கிறது. கமராவைத் தொலைநோக்கியோடு இணைக்க அதன் முன்னால் பூட்டும் டி-ரிங் என்ற வளையம் இன்னொரு 11. மொத்தம் 55.

விளைவு எப்படி இருக்கும் என்றால், கமராவைப் பூட்டி ஒரு பிரகாசமான நட்சத்திரத்துக்குத் திருப்புவீர்கள். திரையில் ஒரு வெள்ளை வளையம் தெரியும், நடுவில் இரண்டாம் ஆடியின் கறுப்பு நிழல். குமிழை உள்ளே திருப்பத் திருப்ப வளையம் சுருங்கும். ஒரு ரூபாய்க் குற்றி அளவு, பட்டாணி அளவு, மிளகு அளவு. அப்புறம் ஃபோகஸர் முட்டி நின்றுவிடும். மிளகு மிளகாகவே இருக்கும், புள்ளியாகாது. இன்னும் இரண்டு சென்றிமீற்றர் உள்ளே போனால் சரிவரும், போக இடம் இல்லை.

இதற்கு நாலு வழிகள் உண்டு. ஸ்கை-வாச்சரின் பி.டி.எஸ். வகைக் குழாய்களில் முதன்மை ஆடியை முன்னுக்குத் தள்ளியே வைத்திருக்கிறார்கள், அங்கே இந்தப் பிரச்சினையே எழாது. இன்னும் தொலைநோக்கி வாங்கவில்லை என்றால் அதையே வாங்குங்கள். வாங்கிவிட்டவர்கள் ஆடியைத் தாங்கும் திருகாணிகளை நீளமானவையாக மாற்றி, ஆடியைச் சற்று மேலே கொண்டுவரலாம். கைவேலை தெரிந்தவர்களுக்கு அரை நாள் வேலை. மூன்றாவது, கண்வில்லை போலக் குழாய்க்குள்ளேயே நுழையும் 1.25 அங்குலச் சிறு கமரா. நான்காவது பார்லோ. அது குவியத்தை வெளியே தள்ளிவிடும், ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இன்னொன்றையும் இதே நேரத்தில் பார்த்துவிடுங்கள். உங்கள் குழாயின் நீளமும் அதில் எழுதியிருக்கும் குவியத்தூரமும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். 1000 மில்லிமீற்றர் என்று எழுதியிருக்கிறது, குழாயோ அரை மீற்றர்தான் என்றால், உள்ளே ஃபோகஸருக்குக் கீழே ஒரு லென்ஸை ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். 114 மில்லிமீற்றர் மலிவுத் தொலைநோக்கிகளில் இது நிறைய. அவற்றில், படத்தின் ஓரத்து நட்சத்திரங்களைத் திருத்தும் கோமா கரெக்டர் என்ற லென்ஸ் போட்டும் பிரயோசனம் இல்லை. அந்தத் தொலைநோக்கியை நிலவுக்கும் கிரகங்களுக்கும் வைத்துக்கொள்ளுங்கள், ஆழ்வான் படத்துக்கென்று அதில் மேற்கொண்டு காசு போட வேண்டாம்.

பார்லோ

பார்லோவைப் பற்றி நீட்டி எழுத எதுவும் இல்லை. 2 மடங்கு பார்லோ போட்டால் 650 மில்லிமீற்றர் 1300 ஆகிறது, எஃப்/5 எஃப்/10 ஆகிறது. அதே ஒளி நாலு மடங்கு பரப்பில் பரவுகிறது. முன்பு ஒரு மணித்தியாலத்தில் எடுத்த படத்துக்கு இப்போது நாலு மணித்தியாலம் வேண்டும். நெபுலாக்களோ பெரியவை. ஓரியன் நெபுலா ஒரு பாகைக்கு மேல் பரந்து கிடக்கிறது, முழுநிலவைப் போல இரண்டு மடங்கு அகலம். கார்த்திகைக் கூட்டம் அதைவிடப் பெரிது. அவற்றைப் பெருப்பிக்க என்ன தேவை?

பழைய கெனனின் ஏ.பி.எஸ்-சி சென்சரோடு 650 மில்லிமீற்றர் குழாய் ஏறக்குறைய 2 பாகைக்கு 1.3 பாகை வானத்தைப் பிடிக்கும். ஆழ்வானுக்கு அருமையான சட்டகம் அது. வியாழனையும் சனியையும் எடுக்க ஆசை இருந்தால் பார்லோ நல்ல சாமான், நம் அட்சரேகையில் அவை உச்சிக்குப் பக்கத்தில் வருவதால் நமக்கு வாய்ப்பும் கூட. அது வேறு கலை, வேறு கமரா. அக்காவின் மகன் கேட்டது நெபுலாவைப் பற்றி. ஆகவே பார்லோ வேண்டாம் என்றேன்.

பார்லோவுக்கு எதிராகக் குவியத்தூரத்தைக் குறைக்கும் 0.5 மடங்குச் சிறு லென்ஸ்கள் ரெடியூசர் என்ற பெயரில் மலிவாகக் கிடைக்கும். அவை குவியத்தை இன்னும் உள்ளே இழுக்கும். நியூட்டோனியனில் உள்ளே இடம் கிடையாது. அதுவும் வேண்டாம்.

கோமா கரெக்டர்

இங்கேதான் நான் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

பரவளைய ஆடி ஒன்று நடுவில் வரும் நட்சத்திரத்தை அழகான புள்ளியாகக் குவிக்கும். நடுவை விட்டு விலக விலக, ஆடியின் ஒவ்வொரு வளையமும் நட்சத்திரத்தை ஒவ்வொரு இடத்தில் விழுத்தும். புள்ளிக்கு ஒரு விசிறி முளைக்கும். தலை நடுவை நோக்கி, வால் வெளியே. வால்வெள்ளி போல இருப்பதால்தான் கோமா என்ற பெயர். இது ஆடியைச் செய்தவரின் பிழை இல்லை. அந்த வளைவின் இயல்பு, எவ்வளவு நேர்த்தியாகத் தீட்டினாலும் வரும். பலோமார் மலையின் 200 அங்குல ஹேல் தொலைநோக்கிக்கே ஃபிராங்க் ரோஸ் என்பவர் தனியாகத் திருத்தும் லென்ஸ் செய்ய வேண்டியிருந்தது.

எஃப் எண் குறையக் குறைய கோமா கூடும். எஃப்/8 இல் பெரிதாகத் தெரியாது. எஃப்/5 இல், நடுவில் சில மில்லிமீற்றர் வட்டம்தான் சுத்தம். ஏ.பி.எஸ்-சி சென்சரோ 22 மில்லிமீற்றர் அகலம். கைத்தொலைபேசித் திரையில் பார்க்கும்போது தெரியாது, கணினியில் மூலையைப் பெருப்பித்தால் தெரியும். ஒமேகா செந்தோரி என்ற நட்சத்திரக் கொத்தை நான் முதன்முதலில் எடுத்த படத்தின் நடு, உப்பைக் கொட்டிவிட்டது போல அத்தனை வடிவாக இருந்தது. கீழ் மூலைக்குப் போனால் ஒவ்வொரு உப்புக்கல்லும் ஒரு சின்னப் புறாவாக மாறிப் பறந்துகொண்டிருந்தது.

சந்தையில் கிடைப்பவற்றில் மூன்றை ஒப்பிடலாம். பாடர் நிறுவனத்தின் எம்.பி.சி.சி. குவியத்தூரத்தை மாற்றாது, 650 அப்படியே 650. ஸ்கை-வாச்சரின் 0.9 மடங்கு கரெக்டர் 650 ஐ 585 ஆக்கிவிடும், எஃப்/5 எஃப்/4.5 ஆகும். சட்டகம் கொஞ்சம் அகலும், ஒளியும் ஏறக்குறைய கால்பங்கு கெதியாகச் சேரும். டெலிவியூவின் பராகோர் மறுபக்கம்: 1.15 மடங்கு பெருப்பிக்கும், எஃப்/5 எஃப்/5.75 ஆகும். திருத்தம் மிகத் தரம், விலையும் அதற்கேற்றபடி, பாரமும் கூட. சிறிய குழாயின் ஃபோகஸர் அந்தப் பாரத்தோடு கமராவையும் தூக்கிக்கொண்டு சரியும்.

130 மில்லிமீற்றர், 150 மில்லிமீற்றர் எஃப்/5 குழாய் வைத்திருக்கும் ஒருவருக்கு நான் 0.9 ஐத்தான் சொல்வேன். கொழும்பில் வானம் சுத்தமாக இருக்கும் நேரமே குறைவு. இரண்டு மணித்தியாலம் திறந்திருந்து மூடிக்கொள்ளும் வானத்தில் கால்பங்கு வேகம் என்பது பெரிய கொடை. குழாய் 200 மில்லிமீற்றர் எஃப்/5 என்றால் குவியத்தூரம் 1000, அங்கேயும் 0.9 சட்டகத்தைக் கொஞ்சம் விரித்துத் தரும். எம்.பி.சி.சி. பிழையான தெரிவு என்று சொல்லவில்லை. வேறு குழாய்களுக்கும் மாற்றி மாற்றிப் போட எண்ணுபவருக்கு அதுவே வசதி.

எதை வாங்கினாலும் இடைவெளிக்கு மரியாதை கொடுக்க வேண்டும். பாடரும் ஸ்கை-வாச்சரும் கரெக்டரில் இருந்து சென்சருக்கு 55 மில்லிமீற்றர் கேட்கின்றன. டி.எஸ்.எல்.ஆர். கமராவும் சரியான டி-ரிங்கும் சேர்ந்தால் தானாகவே 55 வந்துவிடும், நிக்கொன் என்றாலும் அப்படியே. மிரர்லெஸ் கமரா என்றால் அதற்கேற்ற நீளமான ரிங் தேவை. வேறு சில கரெக்டர்கள் 55 ஐவிடக் கூடக் கேட்கும், வாங்க முன் பெட்டியில் பாருங்கள். இடைவெளி ஓரிரு மில்லிமீற்றர் பிசகினால் மூலைகள் திரும்பவும் இழுபடும். அப்போது கரெக்டரைத் திட்டாமல், மெல்லிய வளையம் ஒன்றைச் செருகிப் பாருங்கள். கமராவைப் பூட்டும் குழாய் 2 அங்குலமாக இருக்க வேண்டும். 1.25 அங்குலக் குழாய் ஏ.பி.எஸ்-சி சென்சரின் மூலைகளை இருட்டாக்கிவிடும்.

சிறிய சென்சர், உதாரணமாக 11 மில்லிமீற்றர் அகலச் சதுரச் சென்சர் கொண்ட வான்கமரா வைத்திருப்பவர் கரெக்டரைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம். வால் இருக்கும், ஆனால் அரைவாசி மூலை சட்டகத்துக்கு வெளியே போய்விடும். ஓரத்தை வெட்டிவிட்டுக் கொஞ்சக் காலம் சமாளிக்கலாம்.

ஃபில்டர்

அக்காவின் மகனின் மனம் ஃபில்டரில்தான் இருந்தது. அதில் நியாயமும் இருந்தது. அவன் மாடியில் ஒரு நிமிடம் திறந்து வைத்தாலே படம் முழுக்கச் செம்மஞ்சள் சேறு.

முன்பு தெருவிளக்குகள் சோடியம் விளக்குகளாக இருந்தபோது சங்கதி இலகு. சோடியத்தின் ஒளி 589 நானோமீற்றர் பக்கத்தில் குவிந்து கிடக்கும். அந்த இடத்தை மட்டும் மறைக்கும் சி.எல்.எஸ். போன்ற அகலப்பட்டை ஃபில்டர்கள் நல்ல வேலை செய்தன. இப்போது கொழும்பு வீதிகளில் வெள்ளை எல்.ஈ.டி. வந்துகொண்டிருக்கிறது. அது நீலத்தில் இருந்து சிவப்புவரை எல்லாவற்றிலும் பரவிய ஒளி. அதை மறைக்கப் போனால் நட்சத்திரத்தின் ஒளியையும் சேர்த்துத்தான் மறைக்க வேண்டும். ஆகவே அகலப்பட்டை ஃபில்டருக்கு இன்றைய கொழும்பில் நான் காசு கொடுக்க மாட்டேன்.

மிஞ்சுவது இரட்டைப்பட்டை ஃபில்டர். ஒளிரும் நெபுலாக்கள் தம் ஒளியின் பெரும் பங்கைச் சில குறித்த நிறங்களிலேயே விடுகின்றன. ஐதரசன் 656 நானோமீற்றரில், ஒட்சிசன் 501 இல். ஒப்டோலோங் எல்-எக்ஸ்ட்ரீம் போன்றவை அந்த இரண்டு இடங்களிலும் 7 நானோமீற்றர் அகல வாசல் ஒன்றை விட்டு மற்றதெல்லாவற்றையும் அடைத்துவிடும். வெள்ளவத்தை மாடியில் இருந்து, பௌர்ணமிப் போயாவுக்கு முதல் நாள் நிலவில், ரோசெட் நெபுலாவின் இதழ்களை எடுத்துக் காட்டும் சக்தி அதற்கு உண்டு. விரும்பிச் சேர்க்க வேண்டிய சாமான் அது, எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

பிறகு ஏன் அவனுக்கு வேண்டாம் என்றேன்? அவன் கமராவால்தான். கடையில் வாங்கிய டி.எஸ்.எல்.ஆர். கமராவில் சென்சருக்கு முன்னால் ஒரு கண்ணாடி இருக்கும். மனித முகங்கள் சிவந்து போகாமல் இருக்கவென்று ஆழ்சிவப்பைக் குறைக்கும் கண்ணாடி. அது 656 இல் வரும் ஐதரசன் ஒளியில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். கெனன் 2012 இல் 60டிஏ என்றும், நிக்கொன் 2015 இல் டி810ஏ என்றும் வான்படத்துக்கென்றே கமரா வெளியிட்டது இந்தக் கண்ணாடியை மாற்றத்தான். விலைகூடிய ஃபில்டர் ஒன்று கவனமாக உள்ளே விட்ட ஒளியை, அதற்குப் பின்னால் இருக்கும் இலவசக் கண்ணாடி தின்றுவிடும். கமராவில் அந்தக் கண்ணாடியை மாற்றிய பிறகு வாங்கும் ஃபில்டரே முழுப் பலன் தரும்.

இரண்டாவது காரணம், குறுகிய வாசலால் வரும் ஒளி குறைவு. 30 செக்கன் படங்களில் கமராவின் சொந்த இரைச்சலே மேலோங்கும். மூன்று நிமிடம், ஐந்து நிமிடம் என்று திறந்துவைக்க வேண்டும். அவ்வளவு நேரம் நட்சத்திரத்தைப் பிடித்துவைக்க கைடிங், அதாவது அதைப் பார்த்துப் பார்த்து மவுண்ட்டைத் திருத்தும் வேலை, தேவை. ஆகவே ஃபில்டர் தனியாக வராது, அந்த வேலைக்கான கைட் ஸ்கோப்பையும் கையோடு கூட்டிக்கொண்டுதான் வரும்.

மூன்றாவது, நட்சத்திரக் கொத்துகளுக்கும் கலக்ஸி என்னும் அண்டங்களுக்கும் அது உதவாது. அவற்றின் ஒளி எல்லா நிறத்திலும் பரவியது. கண்ணாடி மாற்றாத கமராவோடு கொழும்பில் இருந்து வடிவாக எடுக்கக்கூடியவை எவை? பூசத்தில் இருக்கும் தேன்கூட்டுக் கொத்து, கார்த்திகை, பிரகாசமான ஓரியன் நெபுலா, தெற்கே 35 பாகை உயரத்தில் ஏறும் ஒமேகா செந்தோரி. இங்கிலாந்துக்காரர் தம் வீட்டு வானத்தில் ஒருபோதும் காணாத கொத்து அது, நமக்கு மாடியில் இருந்தே கிடைக்கிறது. இவற்றில் பெரும்பாலானவை கொத்துகள். மூலைக்கு மூலை நட்சத்திரம். ஃபில்டர் தேவையில்லை, குறுகிய படங்கள் நூறு இருநூறு எடுத்து அடுக்கினால் போதும். ஆனால் கோமா இருந்தால் ஒளிக்க இடமே இல்லை.

கார் வைத்திருப்பவர், மாதம் ஒருமுறை கற்பிட்டிப் பக்கமோ மன்னார்ப் பக்கமோ போய் வரக்கூடியவர் என்றால் ஃபில்டரை இன்னும் தள்ளிப்போடலாம். இருட்டான வானம் எல்லா நிறத்துக்கும் ஒரேயடியாகக் கிடைக்கும் ஃபில்டர். பெற்றோலுக்குச் செலவழித்த காசு அங்கே பேசும்.

ஒரு சின்ன விடயம். கரெக்டருக்கும் சென்சருக்கும் நடுவே 2 மில்லிமீற்றர் தடிப்பான ஃபில்டர் வைத்தால் இடைவெளியில் ஏறக்குறைய 0.7 மில்லிமீற்றர் கூட்ட வேண்டும். கரெக்டரின் முன்மூக்கில் திருகினால் அந்தக் கவலை இல்லை.

கைட் ஸ்கோப்பும் 7 பாகைத் துருவமும்

கைட் ஸ்கோப் படம் எடுக்கும் சாமான் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டு, அது நகர்ந்தால் மவுண்ட்டைத் திருத்தும் சின்னத் தொலைநோக்கி, அவ்வளவுதான். வெளிநாட்டு வரிசையில் இது மூன்றாவது நாலாவது இடத்தில் வரும். நமக்கு நான் ஒரு படி முன்னே வைப்பேன். மவுண்ட்டின் அச்சைத் துருவ நட்சத்திரத்துக்கு நேராக்கவென்று அதோடு வரும் துருவக் குழாயால் கொழும்பு நகருக்குள் பயனே இல்லை. துருவ நட்சத்திரம் கட்டடங்களுக்கும் புகைமூட்டத்துக்கும் உள்ளே கிடக்கிறது. கைட் கமரா இருந்தால் பி.எச்.டி.2 என்ற இலவச மென்பொருளில், வேறு நட்சத்திரங்கள் நகரும் விதத்தைப் பார்க்கும் டிரிப்ட் முறையால், துருவ நட்சத்திரத்தைப் பார்க்காமலே அச்சை நேராக்கலாம். ஒரு சாமான் இரண்டு வேலை பார்க்கிறது.

50 மில்லிமீற்றர் கைட் ஸ்கோப் ஒன்றும் சிறு கறுப்புவெள்ளைக் கமராவும் தொடங்குபவருக்குக் காணும். ஆஃப்-ஆக்சிஸ் கைடர் என்ற மற்ற வழி, கரெக்டருக்கும் சென்சருக்கும் நடுவே இருக்கும் அந்த 55 மில்லிமீற்றருக்குள் இடம் கேட்கும். டி.எஸ்.எல்.ஆர். கமராவோடு அந்தச் சண்டையில் இறங்க வேண்டாம்.

மவுண்ட் வாங்க இருப்பவர்கள் அது 7 பாகைவரை தாழுமா என்று கேட்டு வாங்குங்கள். பல மவுண்ட்டுகள் அவ்வளவு இறங்காது, இறங்கினாலும் எதிர்ப்பாரத் தண்டு முக்காலியின் காலில் இடிக்கும். நான் வடக்குக் காலைச் சற்றுக் குறுக்கி முக்காலியையே சாய்த்துத்தான் சமாளிக்கிறேன். சாய்த்தால் பாரம் கவிழாதபடி பார்த்துக்கொள்ளுங்கள், வெள்ளவத்தைக் கடற்காற்றுக்கு நீளமான குழாய் ஒரு பாய்மரம்.

சின்னக் காசில் இரண்டு

செஷயர் கண்வில்லையும் பாட்டினோவ் மாஸ்க்கும் மற்ற எல்லாவற்றையும்விட மலிவு. ஆனால் இரண்டும் இல்லாமல் மற்றதெல்லாம் வீண்.

நியூட்டோனியனின் இரண்டு ஆடிகளும் ஒன்றுக்கொன்று நேராக நிற்க வேண்டும். குழாயை நாலு மாடி படியால் தூக்கி ஏறினாலே, முச்சக்கரவண்டியில் ஒருமுறை ஏற்றி இறக்கினாலே அது குலையும். நேராக்க லேசர் ஒன்று வாங்கலாம், செஷயர் வாங்கலாம். நான் செஷயரின் பக்கம். லேசரின் உள்ளே இருக்கும் விளக்கே கோணலாக இருந்தால் அது உங்கள் ஆடியையும் கோணலாக்கிவிடும். ஏற்கெனவே லேசர் வைத்திருந்தால் இப்படிச் சோதியுங்கள்: இரண்டு புத்தகங்களின் நடுவே அதைப் படுக்க வைத்து, ஐந்தாறு மீற்றர் தள்ளி இருக்கும் சுவரில் புள்ளி விழச் செய்து, மெல்ல உருட்டுங்கள். புள்ளி ஒரே இடத்தில் நின்றால் நல்லது. வட்டம் போட்டால் அதை முதலில் திருத்த வேண்டும். செஷயருக்கு பற்றரியும் இல்லை, இந்தச் சந்தேகமும் இல்லை. ஓட்டைக்குள் கண்ணை வைத்துப் பார்த்தால் ஆடியின் நடுவில் ஒட்டிய வளையமும் ஒரு கறுப்புப் புள்ளியும் தெரியும். குழாயின் பின்புறத் திருகாணிகளை மெல்லத் திருப்பி, புள்ளியை வளையத்துக்குள் கொண்டுவந்து உட்கார வைத்தால் வேலை முடிந்தது.

பாட்டினோவ் மாஸ்க் ரஷ்யாவின் ஆர்வலர் பாவெல் பாட்டினோவ் கண்டுபிடித்த எளிய சல்லடைத் தட்டு. குழாயின் வாயில் வைத்தால் நட்சத்திரத்தில் இருந்து மூன்று கோடுகள் கிளம்பும். நடுக்கோடு மற்ற இரண்டுக்கும் சரிநடுவே நின்றால் குவியம் சரி. தடித்த அட்டையில் நீங்களே வெட்டிக்கொள்ளலாம். கொழும்பில் இரவு வெப்பநிலை அதிகம் விழாததால், ஒருமுறை சரியாக்கிய குவியம் குளிர்நாடுகளைவிட நீண்ட நேரம் நிற்கும். மோட்டார் ஃபோகஸர் இப்போதைக்குத் தேவையில்லை.

இவற்றோடு மூடி இறுகும் ஒரு பிளாஸ்டிக் பெட்டியும் சிலிக்கா ஜெல்லும் வாங்கிவிடுங்கள். கரெக்டரோ ஃபில்டரோ வாங்கி இங்கே அலுமாரியில் சும்மா வைத்தால், கண்ணாடியில் சிலந்திவலை போலப் பூஞ்சணம் படரும். என் முதல் கமரா லென்ஸ் ஒன்று ஒரே மழைக்காலத்தில் அப்படிப் போனது. முதன்மை ஆடி குழாயின் அடியில் இருப்பதால் பனியில் இருந்து தப்பும். இரண்டாம் ஆடி தப்பாது. நள்ளிரவுக்குப் பிறகு நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக ஊதிப் பெருத்தால் அதில் ஈரம் படிந்துவிட்டது என்று அர்த்தம். துடைக்க வேண்டாம், மெல்லிய சூடு கொடுங்கள்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு அவன், "அப்ப கோமா கரெக்டரா மாமா?" என்றான்.

"பொறு மகன். இப்ப மாடிக்குப் போய் ஒரு பத்துச் செக்கன் படம் எடு. நாலு மூலையையும் பெருப்பிச்சு எனக்கு அனுப்பு."

அரை மணித்தியாலத்தில் நாலு துண்டுப் படங்கள் வந்தன. இடது மேல் மூலையில் நட்சத்திரங்கள் கிட்டத்தட்டப் புள்ளிகள். வலது கீழ் மூலையில் வால் நீண்டு பயங்கரமாக இருந்தது. கோமா மட்டும்தான் என்றால் நாலு மூலையும் ஒன்றுபோல இருக்க வேண்டும். இங்கே சுத்தமான நடுப்புள்ளியே ஒரு பக்கம் நகர்ந்துபோய் இருந்தது. ஆடி கோணல். கரெக்டர் போட்டிருந்தால் அந்தக் கோணலை அது திருத்தியிருக்காது, அவன் கரெக்டர்தான் சரியில்லை என்று நினைத்திருப்பான்.

செஷயர் ஒன்று மட்டும் வாங்கினான். சேர்த்த காசில் ஒரு சிறு துண்டுதான் அதற்குப் போனது. நேற்று இரவு திரும்பவும் நாலு துண்டுப் படங்கள் அனுப்பினான். நாலு மூலையிலும் ஒரே அளவு வால், தலை எல்லாம் நடுவைப் பார்த்தபடி. "இப்ப கரெக்டரை வாங்கு" என்று பதில் போட்டேன்.